முப்பத்து நாலு பேர், ஒரே பதில்

கேள்வி கேட்டே காலம் தள்ளியவள் நான். முப்பத்து மூன்று வருடம். புதுச்சேரியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் கள ஆய்வாளர் வேலை. கையில் அட்டையும் பேனாவுமாகத் திண்டிவனத்திலிருந்து கடற்கரை வரைக்கும் நான் தட்டாத கதவு கிடையாது. "வூட்ல எத்தனை பேரு, சமையல் விறகுலயா கேஸ்லயா, கொழந்தைக்கு ஊசி போட்டீங்களா" என்று கேட்டுக் கேட்டு, வீட்டில் சாப்பிடும்போதுகூட நான் ஃபார்ம் நிரப்புகிற குரலில்தான் பேசுகிறேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். கிளியனூரில் எங்கள் முஸ்லிம் ஆட்கள் வீடு ஒன்றில், நான் பெண் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து உட்கார வைத்து, கேசரி கொடுத்து, பெண்ணையும் கூட்டி வந்து நிறுத்திவிட்டார்கள். கேசரியை முடித்த பிறகுதான் நான் விஷயத்தைச் சொன்னேன். நல்ல கேசரி.

போன வருடம் ரிட்டையர் ஆனேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் ஏதாவது பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இப்போது எல்லார் கையிலும் டேப்லெட். அதில் ஒரு பெண், திவ்யா என்று பேர், பெருமையாகத் திருப்பிக் காட்டினாள்.

"மேடம், ரெண்டு பேரு பதில் அச்சு அசலா ஒண்ணா இருந்தா இது தானாவே செவப்பு காட்டி ஃபார்மைத் தள்ளிடும் மேடம். யாரும் வீட்ல உக்காந்து நிரப்ப முடியாது."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. "இந்த மெஷின் அன்னைக்கு இருந்திருந்தா நான் எம்.ஏ. பாஸ் பண்ணியிருக்க மாட்டேன்டி" என்றேன். அரைமணிப் பேச்சு இரண்டு மணி நேரமானது. முடிந்ததும், "மேடம், இதை எழுதிக் குடுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன்.

எம்.ஏ. சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. 2004ஆம் வருடம். எங்கள் நிறுவனத்தில் மேற்பார்வையாளர் ஆக வேண்டுமானால் முதுகலைப் பட்டம் வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட பையன்கள் எனக்கு மேலே போய் உட்காரப் போகிறார்கள் என்று நினைத்தபோதே வயிறு எரிந்தது. பல்கலைக்கழகத்தில் உளவியல் துறைக்கு விண்ணப்பம் போட்டேன். அப்போது ஷார்ஜாவில் வேலையிலிருந்த வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை போன் செய்தபோது அவரிடம் சொன்னேன். "மாஷா அல்லாஹ், ரெண்டு வருஷத்துக்கு நான் போன் பண்ணா நீ எடுக்க மாட்டேன்னு சொல்லு" என்றார். மாமியார் மட்டும், "இந்த வயசுல பையைத் தூக்கிக்கினு போறியே, பாக்கறவங்க என்னா சொல்லுவாங்க" என்றார். பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பதைப் படிக்கத்தான் போகிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

எங்கள் ஊர் கூனிமேட்டிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்தால் முதல் வகுப்புக்குச் சரியாகப் போய்விடலாம். நிறுவனத்தில் பாதி நாள் வேலை, பாதி நாள் படிப்பு. வகுப்பில் எல்லாம் இருபத்தோரு வயதுப் பிள்ளைகள். முதல் வாரம் என்னை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் கடைசிவரை விட்டிருப்பேன், வருகைப் பதிவில் அபீபா என்று என் பெயரைக் கூப்பிட்டுக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

சமூக உளவியல் எனக்கு அப்படிப் பிடித்தது. பதினைந்து வருடமாகத் தெருவில் நான் பார்த்ததற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. கோடுகளைக் காட்டி எது நீளம் என்று கேட்கிற பழைய சோதனை ஒன்று பாடத்தில் வரும். கூட இருக்கிற ஆட்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல, கடைசியாக இருப்பவரும் தப்பையே சொல்லிவிடுவார். அன்றைக்கு நான் கையைத் தூக்கி, "சார், அனுமந்தையில மீன் வாங்கப் போனா முதல் ஆளு செவுளைத் தூக்கிப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்குனா போதும் சார், பின்னாடி பத்து பேரு மீனைப் பாக்காமலே போயிடுவாங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. "பத்து பேரா, ஒன்பது பேரா? எண்ணினீங்களா?" என்று கேட்டார்.

அவர்தான் பேராசிரியர் தண்டபாணி. என் ஆய்வேட்டுக்கு வழிகாட்டி. ஒல்லியான ஆள், வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் எப்போதும் சீவிய மூன்று பென்சில். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் உயரும். "என்னம்மா" என்றால் சாதாரணம். "சொல்லுங்கம்மா" என்றால் ஏதோ தப்பு. "தாங்கள் அமருங்கள்" என்றுவிட்டால் அன்றைக்கு நாம் தொலைந்தோம். பாராட்டே வராது. நன்றாக எழுதியிருந்தால் ஒற்றுப் பிழையைத் தேடிப் பிடித்து வட்டம் போடுவார். வட்டம் வந்தால் நான் உள்ளுக்குள் துள்ளுவேன்.

கேள்வித்தாள் வைத்துப் பதில் வாங்குகிற முறையை அவர் மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தார். பதினைந்து வருடம் அதையே செய்தவள், இதில் என்ன புதிதாக என்று உட்கார்ந்தேன். இரண்டாவது நாளே வாயை மூடிக்கொண்டேன். பதில் சொல்பவரைத் தனியாகக் கேட்க வேண்டும், அடுத்தவர் காதில் விழக் கூடாது. பதில் கேட்டதும் தலையாட்டக் கூடாது, "ஆமாமா" என்றால் அடுத்த பதிலும் அந்தப் பக்கமே சாயும். முக்கியமாக, இந்தப் பதிலால் நமக்கு என்ன ஆகப் போகிறது என்பதை மூச்சுக்கூட விடக் கூடாது. இதைச் சொல்லும்போது பென்சிலால் மேசையை மூன்று தட்டு தட்டினார். அந்த மூன்றாவது விதியைத்தான் நான் போய் உடைத்தேன்.

நிரப்பிய தாள்களை அவர் சரிபார்ப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் படிக்க மாட்டார். ஒவ்வொன்றையும் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடிப்பார். மடிப்பு எங்கே, பேனா எங்கே மாறியிருக்கிறது, வியர்வைக் கை எங்கே பட்டிருக்கிறது என்று பார்ப்பார். களத்துக்குப் போன தாள் கசங்கியிருக்கும், வீட்டில் நிரப்பின தாள் சலவைச் சட்டை மாதிரி இருக்கும் என்பார். வீட்டில் உட்கார்ந்து பொய்யாக நிரப்புவதுதான் எங்கள் தொழிலில் மன்னிப்பே இல்லாத குற்றம். அதில் மாட்டியவருக்கு எங்கள் பக்கத்தில் வேறு எங்கேயும் வேலை கிடைக்காது.

என் ஆய்வுக்கு மரக்காணம் உப்பளத்துப் பெண்களை எடுத்தேன். அவர்கள் தனித்தனியாக வேலை செய்வதில்லை. நாற்பது பேர் ஒரு செட்டு. பாத்தியில் உப்பு வாரிச் சேர்த்து வைத்ததை, கூடையில் தலைச்சுமையாக வரப்பு வழியே மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, ஒரே வேகத்தில். ஒருத்தி நின்றால் வரிசையே நிற்கும். செட்டுக்குத் தலைவி அஞ்சலை. ஐம்பதை நெருங்கியவள், கணீரென்று குரல், மேஸ்திரியே அவளிடம் "அஞ்சலக்கா" என்றுதான் பேசுவான். இப்படிச் சேர்ந்தே நடக்கிற பெண்களுக்குத் தனக்கென்று ஒரு முடிவு எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது என் கேள்வி.

பன்னிரண்டு வாக்கியங்கள் தயார் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சம்மதம் என்று ஐந்து அளவில் சொல்ல வேண்டும். பாதிப்பேருக்குப் படிக்கத் தெரியாது. அதற்கு ஐந்து தேங்காய்ச் சிரட்டை எடுத்துக்கொண்டேன். ஒன்று காலி. அடுத்தது கொஞ்சம் உப்பு, அடுத்தது பாதி, அதற்கடுத்தது முக்கால், கடைசி நிறைய. சம்மதமே இல்லை என்றால் காலிச் சிரட்டையைத் தொட வேண்டும், முழுச் சம்மதம் என்றால் நிறைந்ததை. இது என் சொந்த யோசனை, இன்றைக்கும் பெருமைதான்.

2006 பிப்ரவரியில், பருவத்தின் முதல் உப்பு எடுக்கும்போது போனேன். பதினோரு மணிக்கு வேலை முடியும். கீற்றுக் கொட்டகைக்குப் பின்னால் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் நாள் அஞ்சலை தயங்கினாள்.

"எதுக்கும்மா இது? சுனாமிக்கு அப்பறம் எத்தினியோ பேரு வந்து எழுதிக்கினு போய்ட்டாங்க. நீ எந்த ஆபீஸு?"

"ஆபீஸ் இல்லக்கா. நான் படிக்கிறேன். நீங்க பதில் சொன்னாத்தான் நான் பாஸ் ஆவேன்."

வாய் சும்மா இருந்ததா பாருங்கள்! அஞ்சலையின் முகம் அப்படியே மாறிவிட்டது. "அட, பரிச்சையா? இந்த வயசுலயா? ஏய், வாங்கடி எல்லாரும்" என்று கூப்பிட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கு ஆறு பேரை எடுத்தேன். ஆறும் ஆறு மாதிரி.

மறுநாளிலிருந்து நடந்தது அதிசயம். வருகிறவள் எல்லாம் ஒரே சிரட்டையைத் தொட்டாள். யோசிப்பதே இல்லை. நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் விரல் போய்விடும். முதல் கேள்விக்கு நிறைந்தது, இரண்டாவதற்குக் காலி, மூன்றாவதற்குப் பாதி. ஐந்து நாளில் முப்பத்து நாலு பேர், ஒரு பதில்கூட மாறவில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்ததா? இல்லையே! குழு ஒற்றுமை என்பதை இத்தனை துல்லியமாக உலகத்தில் யாரும் கண்டதில்லை என்று, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நானாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். இதைப் புத்தகமாகப் போடலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. ஆசை அறிவை மறைக்கும் என்று பரீட்சையில் நானே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

தாள்களைக் கொண்டுபோய்ப் பேராசிரியர் மேசையில் வைத்தேன். விளக்குக்கு நேராகப் பிடித்தார். கசங்கல் இருந்தது, வியர்வை இருந்தது. ஒன்றை உதறியபோது மடிப்பிலிருந்து உப்பு கொட்டியது. முகத்தில் திருப்தி தெரிந்தது. அப்புறம் படிக்க ஆரம்பித்தார். ஏழாவது தாளைப் பார்த்தார், எட்டாவதைப் பார்த்தார், திரும்ப ஏழுக்குப் போனார். கடைசியில் பென்சிலைக் கீழே வைத்தார்.

"தாங்கள் அமருங்கள்."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"முதல் நாள் ஆறு பேர், ஆறு மாதிரி. மறுநாளிலிருந்து முப்பத்து நாலு பேரும் ஒரே அச்சு. தாள் உப்பளத்துக்குப் போயிருக்கு. பதில் போகலையே. முதல் நாள் போனீங்க, வெயில் தாங்கல. மிச்சத்தைத் தாங்களே நிரப்பிட்டீங்க. சரிதானே?"

"அல்லா மேல ஆணையா இல்ல சார்."

"ஆணை வேண்டாம்மா. காரணம் வேணும். பத்து நாள் டைம். இல்லைன்னா துறைக்கு நான் எழுதியாகணும்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். பட்டம் போவது இருக்கட்டும், பதினைந்து வருடம் வெயிலில் அலைந்த என்னைப் பார்த்துப் பொய்யாக நிரப்பினவள் என்றால்? வேலை போகும், அதைவிடப் பெயர் போகும். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த பஸ்ஸிலேயே மரக்காணம் போனேன்.

அஞ்சலை சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் மேரி. செட்டிலேயே அதிகம் பேசாதவள் மேரி, வரிசையில் எப்போதும் கடைசி ஆள். நான் மூச்சு வாங்க விஷயத்தைக் கேட்டேன். அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாம்மா இப்பிடிக் கேக்குற? நீதானே பரிச்சைன்னு சொன்ன? அன்னிக்கு மொத நாளு ஆறு பேரும் சோறு துன்னும்போது பேசிக்கினோம். நீ இன்னா சொன்ன, நீ இன்னா சொன்னன்னு. பாத்தா ஆளுக்கு ஒண்ணு சொல்லிக்கிறாளுங்க! பரிச்சையில ஆறு பேரு ஆறு மாதிரி எழுதுனா அஞ்சு பேருது தப்புதானே? நம்பளால இந்தப் பொண்ணு ஃபெயிலா ஆவணும்னு எனக்குப் பகீர்னு ஆயிப்போச்சு."

அந்த முதல் நாள் சாயங்காலமே செட்டு கூடியிருக்கிறது. ஒவ்வொரு கேள்வியாக எடுத்து எது சரியான பதில் என்று சண்டை போட்டு முடிவு கட்டியிருக்கிறார்கள். எழுதி வைக்க முடியாதே, அதற்கும் வழி கண்டுபிடித்தாள் அஞ்சலை. மறுநாள் கூடை சுமக்கும்போது ஒரு நடைக்கு ஒரு கேள்வி. முதல் நடை போகும்போது நாற்பது பேரும் "ஒண்ணு, நெறைஞ்சது" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்கள். இரண்டாவது நடைக்கு "ரெண்டு, காலி". பன்னிரண்டு நடையில் பாடம் மனப்பாடம். மேஸ்திரி ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒன்றும் கேட்கவில்லையாம்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "ஏழாவது கேள்விக்கு எப்படிக்கா முடிவு பண்ணீங்க?" என்று கேட்டேன். ஏழாவது வாக்கியம் இது: எல்லாரும் ஒன்றைச் சொல்லும்போது என் மனசுக்கு வேறாகப் பட்டால், அதை வெளியே சொல்வேன்.

"அதுக்குத்தான் பெரிய சண்டை" என்றாள் அஞ்சலை. "நெறைஞ்சதத்தான் தொடணும்னு நான் சொல்லிட்டேன். அப்பதானே நம்பள தைரியசாலின்னு நெனைப்பாங்க. மேரிதான் ஒத்துக்கல. அவங்கவங்களுக்குத் தோணுறத சொல்லட்டுமேன்னா. கம்முனு கெடடின்னு அடக்கிட்டோம்."

ஆக, கூட்டத்தை எதிர்த்துப் பேசுவேன் என்று கூட்டமாகக் கூடி, எதிர்த்துப் பேசியவளை அடக்கி, முப்பத்து நாலு பேரும் ஒரே மனதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் வரப்பிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமலே அஞ்சலையும் சிரித்தாள்.

மறுநாள் பேராசிரியரிடம் ஒன்று விடாமல் சொன்னேன், என் வாய் செய்த தப்பையும் சேர்த்து. கண்ணை மூடிக் கேட்டார். "நல்லா இருக்கு. ஆனா இதுவும் தாங்கள் சொன்னதுதானே? நானே வந்து கேக்கறேன்" என்றார்.

மறுபடி உப்பளத்துக்கு ஓடினேன். "சார் வர்றாரு. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. எதையும் பேசி வெச்சுக்காதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "பேசி வெச்சுக்க மாட்டோம்" என்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்போதே எனக்கு லேசாகப் பயம்.

அந்த வியாழக்கிழமை பேராசிரியர் குடையும் பென்சிலுமாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். செட்டுப் பட்டியலை வாங்கி, அவரே ஒரு கணக்கு வைத்து ஐந்தாவது ஐந்தாவது பேராக எட்டுப் பேருக்குக் கோடு போட்டார். கொட்டகைக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். நான் பத்தடி தள்ளி, வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டளையோடு நின்றேன்.

"ஏம்மா, இந்தப் பதிலை எல்லாம் நீங்க முன்னாடியே கூடிப் பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

"இல்லீங்க சார். அவங்கவங்க மனசுல பட்டத சொன்னோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது பெண் வந்தாள். "இல்லீங்க சார். அவங்கவங்க மனசுல பட்டத சொன்னோம்." மூன்றாவது, நான்காவது, அதே வாக்கியம். ஐந்தாவதாக வந்தது அஞ்சலை. அவளும் அதையே கணீரென்று சொல்லிவிட்டு, 'கவலப்படாத, நாங்க இருக்கோம்' என்பது போல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பேசி வைத்தோம் என்று ஒத்துக்கொண்டால் பரீட்சையில் காப்பி அடித்தது போல ஆகிவிடும், அபீபாவைத் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள் என்று முந்தின நாள் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று என் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். என் மேல் அவர்களுக்கு இருந்த பிரியத்தை நினைத்தால் இன்றைக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. அன்றைக்கோ, ஓடிப்போய் ஒவ்வொருத்தியின் வாயையும் பொத்தலாமா என்றிருந்தது.

ஏழு பேர் முடிந்தது. பேராசிரியர் பென்சிலைச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஏழு பேரும் ஒரு எழுத்து மாறாம சொல்றாங்க. யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. தாங்களோன்னு நான் நினைக்க வேண்டியிருக்கு."

அவர் குடையை எடுத்தார். எடுத்தவர் பட்டியலை ஒருதரம் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் ஏழு போதும் என்று கிளம்பியிருப்பார்கள். அவருக்கு எட்டு என்றால் எட்டு. "இன்னும் ஒருத்தர் இருக்காங்க" என்று மறுபடி உட்கார்ந்தார்.

எட்டாவது பேர் மேரி.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். கொட்டகை ஓரத்தில் மற்றவர்கள் கும்பலாக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதே கேள்வியைக் கேட்டார். மேரி திரும்பி அஞ்சலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"பேசி வெச்சோம் சார்" என்றாள்.

"யார் சொல்லிக் கொடுத்தது? இந்த அம்மாவா?"

"அய்ய, அவங்களுக்கு ஒண்ணுந் தெரியாது சார். பேசி வெச்சுக்காதீங்கன்னு கும்புட்டுட்டுப் போனாங்க. அஞ்சலக்காதான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாங்க. கூடை தூக்கும்போது நடைக்கு ஒண்ணா மனப்பாடம் பண்ணோம். இன்னிக்கு இல்லன்னு சொல்லணும்னு நேத்து பேசினாங்க. பொய் சொன்னா அவங்களுக்குத்தான் கெடுதல்னு நான் சொன்னேன் சார், யாரும் கேக்கல."

"மனப்பாடம் பண்ணதைச் சொல்லுங்க பாப்போம்."

மேரி கண்ணை மூடிக்கொண்டு, கூடை சுமக்கிற நடையில் காலை மாற்றி மாற்றி வைத்தபடி, பன்னிரண்டையும் ஒப்பித்தாள். பேராசிரியர் என் தாள் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போட்டார். பன்னிரண்டும் சரி. அவர் பென்சிலைக் கடிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் என் பையிலிருந்த சிரட்டைகளை எடுத்து வரிசையாக வைக்கச் சொன்னார். "அம்மா, இப்ப மனப்பாடம் வேண்டாம். உங்களுக்குத் தோணுறதை மட்டும் சொல்லுங்க. எல்லாரும் ஒண்ணு சொல்லும்போது உங்க மனசுக்கு வேறாப் பட்டா, அதை வெளியே சொல்லுவீங்களா?"

மேரி நிஜமாகவே யோசித்தாள். விரல் நிறைந்த சிரட்டைக்கு மேல் போயிற்று, திரும்பி வந்தது. கடைசியில் காலிச் சிரட்டையைத் தொட்டாள்.

"எங்க சார். எனக்கு அவ்ளோ தைரியம் ஏது?"

முப்பத்து ஒன்பது பேர் முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர்களை எதிர்த்து உண்மையைச் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பேராசிரியர் தண்டபாணி சிரித்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவை. குடை கீழே விழ, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எழுந்து மேரிக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு என்னிடம், "என்னம்மா, நின்னுக்கிட்டே இருக்கீங்க? எழுதிக்கோங்க" என்றார். அந்த "என்னம்மா"வைக் கேட்டதும் நான் மறுபடி அழுதேன், ஆனால் இது வேறு அழுகை.

ஆய்வேட்டின் தலைப்பை மாற்றினோம். உப்பளத்துப் பெண்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை விட்டுவிட்டு, அந்தப் பதிலை எப்படி உண்டாக்கினார்கள் என்று எழுதினேன். அதற்காக அஞ்சலையின் செட்டு அந்தப் பன்னிரண்டு சண்டைகளையும் எனக்காக இன்னொரு தரம் போட்டுக் காட்டியது, முதல் தடவையைவிடச் சத்தமாக. என் தப்பையும் முதல் அத்தியாயத்திலேயே எழுதச் சொன்னார் பேராசிரியர். எழுதினேன். அந்த அத்தியாயத்தில் ஏழு வட்டம் வந்தது.

அப்புறம் நான் மேற்பார்வையாளர் ஆனேன். பதினாறு வருடம் எத்தனையோ பேரை அனுப்பினேன், எத்தனையோ தாள்களைப் பார்த்தேன். ஒரே மாதிரி பதில் வந்தால் மற்றவர்கள் தாளைக் கிழிப்பார்கள். நான் பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வருவேன். சில சமயம் பையன்கள் நிஜமாகவே ஏமாற்றியிருப்பார்கள், திட்டி அனுப்புவேன். சில சமயம் ஒரு தெருவே கூடி யாருக்கோ நல்லது செய்ய நினைத்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கிற அன்றைக்கு எனக்குப் பெருநாள்தான்.

ஆனால் பிள்ளைகள் கேட்டது அதுவல்ல. "மேரிக்கு என்ன ஆச்சு மேடம்?" என்று திவ்யா விடவே இல்லை.

மேரியோடு அஞ்சலை பேசுவதை நிறுத்திவிட்டாள். செட்டும் பேசவில்லை. வரிசையில் மேரிக்கும் அவளுக்கு முன்னால் போகிறவளுக்கும் நடுவே நாலு அடி இடைவெளி விட்டே நடந்தார்கள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "ரிசல்ட்டு வரட்டும், அப்பறம் பேசலாம்" என்று வெட்டிவிட்டாள் அஞ்சலை. என்னைப் பாஸ் செய்ய வைத்தவளுக்கு இந்தத் தண்டனையா என்று மூன்று மாதம் எனக்கு மனசே ஆறவில்லை.

ஜூன் மாதம் ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு. மறுநாளே மாமியாரும் நானும் விடிய எழுந்து ஒரு பெரிய தேக்சாப் பாத்திரம் நிறைய பிரியாணி செய்தோம். பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்ட அதே மாமியார், ஆட்டோவில் தேக்சாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உப்பளத்துக்கே வந்தார். "எம் மருமவ எம்.ஏ. ஆயிட்டா" என்று இறங்கும்போதே கத்தினார். நாற்பது பேரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஒரே கூச்சல். என் கையைப் பிடித்து இழுத்து ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள், ஒருத்தி ஆடவே ஆடினாள்.

கொட்டகையில் எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். மேரி கடைசியில், கொஞ்சம் தள்ளி. அந்தச் செட்டில் எது வந்தாலும், தண்ணீரானாலும் டீயானாலும், முதலில் அஞ்சலைக்குத்தான். மாமியார் கரண்டியோடு அவளிடம் போனார். அஞ்சலை இலை மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு விசயம் கேக்கறேன், மறைக்காம சொல்லு. நீ பாஸானது நாங்க இத்தினி பேரு சொன்னதாலயா, இல்ல அவ ஒருத்தி சொன்னதாலயா?"

எல்லாராலும்தான் அக்கா என்று சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்! இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களும் எனக்காக உயிரையே விடத் தயாராக இருந்த முகங்கள்.

"அவ ஒருத்தி சொன்னதாலதான்க்கா" என்றேன்.

அஞ்சலை இலை மேலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் மாமியாரின் கையைப் பிடித்துக் கரண்டியை மேரியின் பக்கம் திருப்பிவிட்டாள்.

"அப்ப மொதல்ல அவளுக்குப் போடுங்கம்மா" என்றாள். "கறியா பாத்துப் போடுங்க."